கேலக்ஸி இருக்கும் இடத்தில்தான் பொருளும் இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரபஞ்சத்தின் வரைபடம் என்று ஒரு படத்தைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணியில் லட்சக்கணக்கான புள்ளிகள் நூல் நூலாகக் கோத்து வலை பின்னினாற்போல் இருக்கும், நடுநடுவே பெரிய பெரிய ஓட்டைகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கேலக்ஸி. அதைக் காட்டி, பிரபஞ்சத்தில் பொருள் இப்படித்தான் பரவியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். அதனால் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் எழுதிவிட்டேன்.

பொருள் என்றால் கேலக்ஸிகள்தானே? வேறென்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு கரும்பொருள். அது ஒளி விடுவதும் இல்லை, ஒளியை மறைப்பதும் இல்லை, ஈர்ப்பு ஒன்றை வைத்துத்தான் அது இருப்பதே தெரிகிறது. மீதி ஒரு பங்குதான் நமக்குப் பழக்கமான அணுக்கள். அந்த அணுக்களிலும் பெரும்பகுதி கேலக்ஸிகளைச் சுற்றியும் அவற்றுக்கு இடையிலும் மெல்லிய வாயுவாகக் கிடக்கிறது; நட்சத்திரமாகத் திரண்டது அணுக்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மொத்தப் பொருளில் நட்சத்திரங்களின் பங்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் நிற்கிறது. தொலைநோக்கி வழியாக நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்.

இது புதுச் செய்தியும் இல்லை. 1933-லேயே ஃபிரிட்ஸ் சுவிக்கி கோமா கேலக்ஸிக் கொத்தில் கேலக்ஸிகள் ஓடும் வேகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் நிறை மட்டும் இருந்தால் இந்தக் கொத்து எப்போதோ சிதறிப்போயிருக்கும் என்று எழுதினார். 1970-களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் தனித்தனிக் கேலக்ஸிகளின் சுழற்சியை அளந்தபோதும் கணக்கு அதே பக்கம்தான் சாய்ந்தது.

நூறில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதித் தொண்ணூற்றொன்பதை எப்படி வரைகிறார்கள்?

கேலக்ஸி எப்படிப் பிறக்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. ஆதிப் பிரபஞ்சம் கிட்டத்தட்டச் சமதளமாக இருந்தது, ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் வித்தியாசம் லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுதான். 1992-இல் கோபி செயற்கைக்கோள் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சில், அதாவது ஆதிப் பிரபஞ்சத்திலிருந்து இன்றும் எல்லாத் திசையிலும் வந்துகொண்டிருக்கும் மங்கிய ஒளியில், அந்த மேடுபள்ளங்களைப் பார்த்தது. கொஞ்சம் கூடுதலாக இருந்த இடம் சுற்றியுள்ளதை இழுத்தது, இழுத்ததால் இன்னும் கனத்தது, கனத்ததால் இன்னும் இழுத்தது. இப்படியே போய்க் கரும்பொருள் தனித்தனிக் கட்டிகளாகத் திரண்டது. இந்தக் கட்டிக்குத்தான் ஹாலோ என்று பெயர். அதற்குள் விழுந்த வாயு சூடாகி, அப்புறம் ஒளி விட்டுக் குளிர்ந்து, மையத்துக்கு இறங்கி நட்சத்திரங்களானது. கரும்பொருளால் அப்படிக் குளிர முடியாது, அதனால் அது வெளியே பெரிய உருண்டையாகவே தங்கிவிட்டது. ஒவ்வொரு கேலக்ஸியும் தன்னைவிடப் பல மடங்கு பெரிய, இருண்ட ஓர் உருண்டையின் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நம் பால்வெளியின் நட்சத்திரங்களை மட்டும் கூட்டினால் ஐந்தாறு ஆயிரம் கோடி சூரியன்களின் நிறை தேறும். அதன் ஹாலோவின் நிறை ஒரு லட்சம் கோடி சூரியன்கள் அளவில் இருக்கிறது.

ஆக, கேலக்ஸியைக் கண்டால் கீழே ஒரு ஹாலோ இருக்கிறது என்று நம்பலாம். மறுபக்கம்தான் கைவிடுகிறது: ஹாலோ இருந்தும் கேலக்ஸி தெரியாமல் போவது உண்டு. சிறிய ஹாலோக்களில் வெடிக்கும் நட்சத்திரங்களே வாயுவை வெளியே தள்ளிவிடுகின்றன. மிகப் பெரிய ஹாலோக்களில் நடுவிலுள்ள கருந்துளை வாயுவைச் சூடாக்கிக் குளிரவிடாமல் வைக்கிறது. இடைப்பட்ட அளவில், அதாவது பால்வெளி அளவு ஹாலோக்களில்தான், நட்சத்திரம் பிறப்பது நன்றாக நடக்கிறது. அங்கேயும் கிடைக்கக்கூடிய வாயுவில் ஐந்தில் ஒரு பங்குதான் நட்சத்திரமாகிறது.

அப்படியென்றால் கேலக்ஸி இரு மடங்கு நெருக்கமாக இருந்தால் பொருளும் இரு மடங்கு நெருக்கம்தானே?

இந்த இடத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறோம். பொதுவாக அப்படி இருப்பதில்லை.

1980-களின் தொடக்கத்தில் ஒரு புதிர் இருந்தது. தனிக் கேலக்ஸிகள் எவ்வளவு கூடிக் கூடி நிற்கின்றன என்று அளந்திருந்தார்கள். பெரிய கேலக்ஸிக் கொத்துகள் எவ்வளவு கூடி நிற்கின்றன என்றும் அளந்திருந்தார்கள். கொத்துகள் பல மடங்கு அதிகமாகக் கூடி நின்றன. இரண்டுமே பொருள் இருக்கும் இடத்தைக் காட்டுவதாக இருந்தால் இரண்டு விடைகள் எப்படி வரும்? 1984-இல் நிக் கைசர் எழுதிய ஒரு சின்னக் கட்டுரை இதை அவிழ்த்தது.

அவர் சொன்னதை இப்படிப் பாருங்கள். கடலுக்கடியில் மேடும் பள்ளமுமான தரை இருக்கிறது. நீளமான மலைத்தொடர்கள் உண்டு, ஆழமான பள்ளத்தாக்குகள் உண்டு, அவற்றின் மேல் எங்கும் ஒரே மாதிரி சின்னச் சின்னக் குன்றுகளும் உண்டு. நமக்குத் தெரிவது நீருக்கு மேலே தலை நீட்டும் தீவுகள் மட்டும். மலைத்தொடரின் மேல் நிற்கும் குன்று சுலபமாக வெளியே தெரிந்துவிடும். அதே உயரக் குன்று பள்ளத்தாக்கில் நின்றால் மூழ்கியே கிடக்கும். ஆகவே தீவுகளை மட்டும் வைத்துத் தரையை ஊகித்தால், மலைத்தொடர் உண்மையில் இருப்பதைவிட உயரமாகவும் பள்ளத்தாக்கு உண்மையில் இருப்பதைவிட வெறுமையாகவும் தோன்றும். நீர்மட்டத்தை இன்னும் ஏற்றுங்கள்: எஞ்சும் தீவுகள் எல்லாம் மிக உயர்ந்த ஓரிரு தொடர்களின் மேல் மட்டும் குவிந்திருக்கும். கேலக்ஸிக் கொத்துகள் அந்த உயர்ந்த தீவுகள். அதனால்தான் அவை அதிகமாகக் கூடி நிற்கின்றன.

இந்த மிகைப்படுத்தலுக்குத்தான் பயஸ் என்று பெயர். தமிழில் சார்பு என்று எழுதுகிறவர்களும் உண்டு. பயஸ் 2 என்றால், பொருள் சராசரியைவிட 10 சதவீதம் கூடுதலாக உள்ள இடத்தில் கேலக்ஸிகள் 20 சதவீதம் கூடுதலாக இருக்கும். இந்த எளிய விதி பெரிய தூரங்களில், கோடிக்கணக்கான ஒளியாண்டுகளைச் சராசரியாகப் பார்க்கும்போது, நன்றாகவே நிற்கிறது. சின்னத் தூரங்களில், ஒரே ஹாலோவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனால், உடைந்துவிடுகிறது.

எல்லா கேலக்ஸிகளுக்கும் ஒரே பயஸ்தானா?

இல்லவே இல்லை. பால்வெளி மாதிரிச் சாதாரணக் கேலக்ஸிகளுக்கு இன்றைய பிரபஞ்சத்தில் பயஸ் ஏறக்குறைய 1, அதாவது அவை பொருளைக் கிட்டத்தட்ட உள்ளது உள்ளபடி காட்டுகின்றன. இது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு என்றுதான் நினைக்கிறேன். பெரிய, பிரகாசமான, சிவந்த கேலக்ஸிகளுக்கு அது 2-ஐ ஒட்டி வருகிறது.

நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1980-இல் ஆலன் டிரெஸ்லர் ஐம்பதுக்கு மேற்பட்ட கொத்துகளை ஆராய்ந்து, நெருக்கம் கூடக் கூட நீள்வட்டக் கேலக்ஸிகளின் விகிதம் கூடுகிறது, சுருள் கேலக்ஸிகளின் விகிதம் குறைகிறது என்று காட்டினார். ஆகவே சிவப்புக் கேலக்ஸிகளை மட்டும் வைத்து ஒரு வரைபடமும் நீலக் கேலக்ஸிகளை மட்டும் வைத்து இன்னொன்றும் போட்டால், ஒரே வானத்துக்கு இரண்டு படங்கள் கிடைக்கும். முதல் படத்தில் முடிச்சுகள் அழுத்தமாக இருக்கும், இரண்டாவதில் வலை கொஞ்சம் தளர்ந்து பரவியிருக்கும். எந்தக் கேலக்ஸியை எண்ணினார்கள் என்று சொல்லாத வரைபடத்தை நான் முழுதாக நம்புவதில்லை.

காலமும் சேர்ந்துகொள்ளும். பின்னோக்கிப் போகப் போக, அன்றைக்குக் கேலக்ஸியாகத் திரள முடிந்தவை அரிதான, மிக உயர்ந்த முகடுகள் மட்டுமே, அதனால் பயஸ் கூடுதல். பிறகு ஈர்ப்பு எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்துச் செல்லச் செல்ல அது மெல்ல 1-ஐ நோக்கி இறங்கும்.

வரைபடத்தை உண்மையில் எப்படி எடுக்கிறார்கள்?

முதலில் கண்ணால் எண்ணினார்கள். லிக் ஆய்வகத்தில் டொனால்ட் ஷேனும் கார்ல் விர்டானனும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்படத் தகடுகளை உருப்பெருக்கி வழியாகப் பார்த்து, கட்டம் கட்டமாக, பத்து லட்சத்தைத் தொடும் அளவுக்குக் கேலக்ஸிகளை எண்ணித் தீர்த்தார்கள். பல ஆண்டு வேலை அது. ஆனால் அது வானத்தில் எந்தத் திசை என்பதை மட்டும் சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது.

தூரத்துக்கு நிறமாலை வேண்டும். ஒளியைப் பிரித்து, பழக்கமான கோடுகள் எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இந்தச் செம்பெயர்ச்சிதான் தூரத்துக்கு அளவுகோல். 1986-இல் வலேரி டி லாப்பரான், மார்கரெட் கெல்லர், ஜான் ஹுக்ரா மூவரும் வானத்தில் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் எடுத்து, சுமார் 1,100 கேலக்ஸிகளின் தூரத்தைப் படமாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு கேலக்ஸியாகத் தொலைநோக்கியைத் திருப்பி எடுத்த அளவுகள். அந்தப் படத்தில் கைகளை விரித்து நிற்கும் ஒரு குச்சி மனிதனைப் பார்க்கலாம். அதுவரை கேலக்ஸிகள் ஏதோ தூவினாற்போல் கிடக்கும் என்று நினைத்தவர்களுக்கு, அவை சவர்க்கார நுரையின் குமிழிச் சுவர்களில் ஒட்டியிருப்பதுபோல் மெல்லிய தாள்களில் நிற்பது பெரிய அதிர்ச்சி.

அடுத்தது ஸ்லோன் ஆய்வு, நியூ மெக்சிகோவில் 2.5 மீட்டர் தொலைநோக்கி. இதில் எனக்கு மனதில் நிற்பது அந்த அலுமினியத் தகடுகள். வானத்தின் ஒரு துண்டுக்கு ஒரு வட்டத் தகடு, எந்தெந்த இடத்தில் கேலக்ஸியின் ஒளி விழுமோ அங்கெல்லாம் துல்லியமாகத் துளை. பகலில் பணியாளர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு துளையிலும் ஓர் ஒளியிழையைக் கையால் செருகுவார்கள், தகடு ஒன்றுக்கு 640 இழைகள். இரவில் அந்தத் தகட்டைத் தொலைநோக்கியில் பூட்டினால் 640 நிறமாலைகளும் ஒரே நேரத்தில் வந்துவிடும். குச்சி மனிதன் படத்தில் இருந்த மொத்தக் கேலக்ஸிகளும் இரண்டு தகடுகளுக்குள் அடங்கிவிடும்.

இப்போது அரிசோனாவின் கிட் பீக்கில் உள்ள டெசி கருவியில் 5,000 இழைகள், ஒவ்வொன்றையும் ஒரு குட்டி ரோபோ சில நிமிடங்களில் இடம் மாற்றிவிடுகிறது. 2021-இல் ஆய்வைத் தொடங்கி, 2025-இல் வெளியான முடிவுகளுக்கு ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளையும் குவாசார்களையும் (நடுவிலுள்ள கருந்துளையில் விழும் வாயுவால் மிகப் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையங்கள்) பயன்படுத்தியிருக்கிறார்கள்.

செம்பெயர்ச்சி தூரத்தைச் சரியாகச் சொல்லுமா?

கொஞ்சம் பொய் சொல்லும். பிரபஞ்சம் விரிவதால் வரும் வேகத்தோடு, கேலக்ஸி தன் பக்கத்து ஈர்ப்பால் ஓடும் வேகமும் கலந்து வருகிறது. கோமா கொத்துக்குள் கேலக்ஸிகள் நொடிக்கு 1,000 கிலோமீட்டர் அளவில் இங்கும் அங்கும் பாய்கின்றன. அதைத் தூரம் என்று எடுத்துக்கொண்டால் உருண்டையாக இருக்க வேண்டிய கொத்து நம்மை நோக்கி நீண்ட குச்சியாகத் தெரியும். இந்தத் துறையில் அதற்குக் கடவுளின் விரல் என்று பெயர். அந்தக் குச்சி மனிதனின் உடல் இருக்கிறதே, அது கோமாதான், விரல்போல் நீண்டு தெரிகிற கோமா!

பெரிய அளவில் இதற்கு நேர்மாறு நடக்கும். ஒரு பெரிய திரளை நோக்கி எல்லாப் பக்கத்திலிருந்தும் கேலக்ஸிகள் மெதுவாக விழுந்துகொண்டிருந்தால், வரைபடத்தில் அது பார்வைக் கோட்டில் தட்டையாகத் தெரியும். இந்தப் பொய்யே உதவியாகவும் மாறுகிறது. விழும் வேகத்தைத் தீர்மானிப்பது கேலக்ஸிகளின் எண்ணிக்கை அல்ல, மொத்தப் பொருளின் ஈர்ப்பு. ஆகவே தட்டையாகும் அளவை அளந்தால் பொருளைப் பற்றி நேரடியாகவே ஏதோ தெரிகிறது. 1987-இல் இதற்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அதே கைசர்தான்.

கூடி நிற்கிறது என்பதை எண்ணாக எப்படிச் சொல்கிறார்கள்?

ஜோடி எண்ணுவார்கள். ஒரு தூரத்தைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தில் அந்தத் தூர இடைவெளியில் எத்தனை ஜோடிக் கேலக்ஸிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அதே வடிவ இடத்தில் கணினி கண்டபடி தூவிய புள்ளிகளிலும் எண்ணுங்கள். முதலாவது இரண்டாவதைவிட எத்தனை மடங்கு என்பதுதான் விடை. சாதாரணக் கேலக்ஸிகளுக்குச் சுமார் 2.3 கோடி ஒளியாண்டு இடைவெளியில் ஜோடிகள் எதிர்பார்ப்பதைவிட இரு மடங்கு கிடைக்கின்றன. தூரம் குறையக் குறைய அது வேகமாக ஏறும். இந்த முறையை 1970-களில் ஊன்றி வளர்த்தவர் ஜிம் பீபிள்ஸ், 2019-இல் நோபல் பெற்றவர். ஜோடி என்பதால் பயஸும் இருமுறை பெருகும்: பயஸ் 2 என்றால் ஜோடிகளின் மிகை 4 மடங்கு.

பயஸ் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? பொருளைப் பார்க்கவே முடியாதே?

பார்க்க முடியாது, ஆனால் எடை போடலாம். மிகவும் நம்பகமான வழி ஈர்ப்பு வில்லை. தொலைவிலுள்ள கேலக்ஸியின் ஒளி நம்மிடம் வரும் வழியில் இடையிலுள்ள பொருளால் வளைந்து வருகிறது, அதனால் அதன் வடிவம் இழுபடுகிறது. இழுபடுவது ஒரு சதவீத அளவுதான், அதோடு எந்தக் கேலக்ஸியின் இயல்பான வடிவமும் நமக்குத் தெரியாது, ஆகவே ஒற்றைக் கேலக்ஸியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. லட்சக்கணக்கில் சேர்த்துச் சராசரி எடுத்தால், இயல்பான வடிவங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பது மட்டும் எஞ்சும். 2000-ஆம் ஆண்டில் நான்கு குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதை முதன்முதலாகக் கண்டன. சிலியிலிருந்து வானத்தின் எட்டில் ஒரு பகுதியை எடுத்த கரும் ஆற்றல் ஆய்வு, 2021-இல் 10 கோடிக் கேலக்ஸிகளின் வடிவங்களைக் கொண்டு பொருளின் வரைபடம் ஒன்றை வெளியிட்டது.

இப்போது கையில் மூன்று அளவுகள்: கேலக்ஸியோடு கேலக்ஸி எவ்வளவு கூடி நிற்கிறது, கேலக்ஸிகளைச் சுற்றி ஒளி எவ்வளவு வளைகிறது, வளைவோடு வளைவு எவ்வளவு ஒத்துப்போகிறது. முதலாவதில் பயஸ் இருமுறை வருகிறது, இரண்டாவதில் ஒருமுறை, மூன்றாவதில் வரவே வராது. மூன்றையும் சேர்த்துத் தீர்த்தால் பயஸும் கிடைக்கும், பொருளின் அளவும் கிடைக்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

இன்னொரு வழியை யாரும் அதிகம் பேசுவதில்லை. நுண்ணலைப் பின்னணியை வைத்துப் பார்த்தால், நம் பால்வெளியும் அண்டைக் கேலக்ஸிகளும் சேர்ந்து நொடிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் ஒரு திசையில் போய்க்கொண்டிருக்கிறோம். இழுப்பது யார்? ஈர்ப்பு தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது, வெளிச்சமும் அப்படியே குறைகிறது. ஆகவே ஒளியையும் நிறையையும் ஒரே விகிதமாக வைத்துக்கொண்டால், வானத்தின் எல்லாக் கேலக்ஸிகளின் வெளிச்சத்தையும் திசை பார்த்துக் கூட்டினாலே இழுப்பின் திசை கிடைத்துவிடும், தூரமே தெரிய வேண்டியதில்லை. அகச்சிவப்பு வரைபடங்களில் அப்படிக் கூட்டிப் பார்த்தபோது விடை ஏறக்குறைய நாம் போகும் பக்கத்தையே காட்டியது. கேலக்ஸிகள் பொருளைத் தொடர்ந்து போகின்றன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியாது.

கேலக்ஸி இல்லாத ஓட்டைகளில் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. 1981-இல் அறிவிக்கப்பட்ட பூவோட்டீஸ் பெருவெற்றிடம் சுமார் 33 கோடி ஒளியாண்டு அகலம், அவ்வளவு இடத்திலும் சில டஜன் கேலக்ஸிகளே தென்பட்டிருக்கின்றன. ஆனால் இப்படிப்பட்ட வெற்றிடங்களின் நடுவிலும் சராசரி அடர்த்தியில் பத்து முதல் இருபது சதவீதம் பொருள் இருக்கும். அங்கே ஹாலோக்கள் சிறுத்துப்போய், பெரிய கேலக்ஸியை உருவாக்கும் அளவுக்கு வளரவில்லை. மூழ்கிய குன்றுகள் என்று சொன்னேனே, அவை இங்கேதான் இருக்கின்றன.

புல்லட் கொத்தில் பொருளும் கேலக்ஸியும் பிரிந்துவிட்டன என்கிறார்களே?

பிரிந்தது வாயு. இரண்டு கொத்துகள் மோதி ஒன்றினூடே ஒன்று கடந்துபோன இடம் அது. சூடான வாயு உரசி நடுவில் தங்கிவிட்டது, கேலக்ஸிகள் மோதாமல் கடந்துவிட்டன. 2006-இல் வெளியான ஈர்ப்பு வில்லை அளவீட்டில் நிறையின் பெரும்பகுதி கேலக்ஸிகள் இருக்கும் பக்கம்தான் இருந்தது. அணுக்களில் அதிகம் இருப்பது வாயுவில்தான், ஆனாலும் நிறை அங்கே இல்லை.

பயஸ் துல்லியமாகத் தெரியாவிட்டால் இந்த ஆய்வெல்லாம் வீணாகிவிடாதா?

எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆதிப் பிரபஞ்சத்தின் ஒலி அலைகள் விட்டுப்போன தடம் ஒன்று உண்டு: சுமார் 50 கோடி ஒளியாண்டு இடைவெளியில் கேலக்ஸி ஜோடிகள் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். 2005-இல் ஸ்லோன் ஆய்வின் 46,748 சிவந்த கேலக்ஸிகளிலும், அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து நடந்த 2டிஎஃப் ஆய்விலும் இது தெரிந்தது. பயஸ் அந்த மேட்டின் உயரத்தை மாற்றும், அது நிற்கும் இடத்தை ஏறக்குறைய மாற்றவே மாற்றாது. பிரபஞ்சம் எந்தக் காலத்தில் எவ்வளவு விரிந்தது என்று அளக்க அந்த இடம் மட்டும் போதும். பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் கரும் ஆற்றல் காலப்போக்கில் பலவீனமடைகிறதோ என்று டெசி முடிவுகள் எழுப்பிய கேள்வியும் இதை வைத்துத்தான்.

ஆனால் இன்றைக்குப் பொருள் எவ்வளவு கட்டிதட்டியிருக்கிறது என்று கேட்டால் பயஸ் குறுக்கே வந்து நிற்கும். சில ஆண்டுகளாக ஈர்ப்பு வில்லை ஆய்வுகள், நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் கணிப்பைவிடக் கொஞ்சம் குறைவான விடையையே தந்துவந்தன, அதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. 2025-இல் வந்த கிட்ஸ் என்ற ஈர்ப்பு வில்லை ஆய்வின் இறுதி முடிவு பிளாங்க்கோடு ஒத்துப்போய்விட்டது.

இணையத்தில் வரும் ஊதா நிற வலைப் படங்கள் நிஜமா?

அவை கணினிச் சிமுலேஷன்கள். 2005-இல் வந்த மில்லேனியம் சிமுலேஷன் சுமார் 1,000 கோடித் துகள்களை வைத்து இயக்கப்பட்டது. நிஜமான கேலக்ஸிகளின் ஜோடிக் கணக்கோடு அவை நன்றாகப் பொருந்துகின்றன, ஆனாலும் புகைப்படம் என்று பகிர்வது தவறு.

கேலக்ஸி இல்லாமல் பொருளைத் தேட வேறு தடயம் உண்டா?

உண்டு, அதுதான் இப்போது சுவாரசியமாகப் போய்க்கொண்டிருக்கிறது. தொலைவிலுள்ள குவாசாரின் ஒளி வழியிலுள்ள ஹைட்ரஜனைக் கடந்து வரும்போது நிறமாலையில் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் விழுகின்றன. கேலக்ஸியாகத் திரளாத வாயுவையும் அவை காட்டிக்கொடுக்கின்றன. மில்லிநொடிகளில் மின்னி மறையும் வேக ரேடியோ வெடிப்புகளும் உதவுகின்றன. வழியில் எத்தனை எலக்ட்ரான்கள் குறுக்கிட்டனவோ அதற்கேற்ப நீண்ட அலைகள் பிந்தி வந்து சேரும். அந்தத் தாமதத்தை வைத்து, கணக்கில் வராமல் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த அணுக்கள் கேலக்ஸிகளுக்கு இடையில்தான் இருக்கின்றன என்று 2020-இல் காட்டினார்கள். 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் தொலைநோக்கி கேலக்ஸிகளின் வடிவங்களையும் செம்பெயர்ச்சிகளையும் வானத்தின் மூன்றில் ஒரு பகுதியில் ஒருசேர அளந்துகொண்டிருக்கிறது, அதாவது தீவுகளையும் கடல் தரையையும் ஒரே கருவியால்.